காரைக்குடியில் ஒரு ஏற்புச் சோதனையும் என் வயிற்றெரிச்சலும்

புரட்டாசியில் செட்டிநாட்டுக்குப் போனேன் என்றால் சாப்பாட்டுப் பிரியர்கள் சிரிப்பார்கள். நான் சாப்பிடப் போகவில்லை, வேலைக்குப் போனேன். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்துக்கு எங்கள் சென்னை அலுவலகம் முன்பதிவு மென்பொருள் செய்திருந்தது. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. ஐப்பசி பிறந்துவிட்டால் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அதற்குள் மென்பொருள் ஓட ஆரம்பிக்க வேண்டும்.

ஓடுவதற்கு முன்னால் யு.ஏ.டி. என்று ஒன்று உண்டு. தமிழில் ஏற்புச் சோதனை. நாளைக்கு அதைப் பயன்படுத்தப் போகிறவர்களையே உட்காரவைத்து, "ஆமாம், நாங்கள் கேட்டது இதுதான்" என்று ஒப்புதல் வாங்கும் வேலை. அதை நடத்துவது என் பொறுப்பு. ஒப்புதல் தர வேண்டியவள் சுபா. எங்கள் அலுவலகத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவள், ஆனாலும் வாடி போடி என்று பழகியவள், கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்தவள், இப்போது அந்த நிறுவனத்தின் நிர்வாகி. இந்தப் பயணத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அதுதான்.

எழும்பூரிலிருந்து பகல் ரயில். ஏ.சி. இருக்கைக்கு அறுநூறு ரூபாய்க்குச் சற்று மேலே. ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. ஸ்டேஷனிலிருந்து புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் தங்கிய லாட்ஜுக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். சுபா வீட்டிலேயே தங்கச் சொன்னாள். அலுவலக விதி இடம் தராது என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு விதி கிடையாது.

ஆட்டோக்காரர் விசாரித்தார். "கல்யாணத்துக்கு வந்திருக்கீகளா?"

"இல்லைங்க, கம்ப்யூட்டர் வேலை."

"அப்ப நம்ம சுபாம்மா ஆபீஸா? முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே. காலையில நானே கொண்டாந்து விட்டுர்றேன்."

வந்து இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் 'நம்ம சுபாம்மா'. சென்னையில் என் அடுக்ககத்துக் காவலாளிக்கு இன்னும் என் பெயர் தெரியாது.

அலுவலகம் கோட்டையூரில், ஒரு பழைய வீட்டின் முன்பகுதியில் இருக்கிறது. லாட்ஜிலிருந்து ஆறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் எட்டரைக்கு மேல் நிற்கத்தான் இடம் கிடைக்கும். சோதனைக்கு இரண்டு பேர். முன்பதிவு மேசையில் இருக்கும் தெய்வானை, வீடுகளைத் தயார் செய்யும் பிரிவைப் பார்க்கும் முத்துராமன். சோதனையின் ஒவ்வொரு படியையும் ஆங்கிலத்தில் எழுதி, அச்செடுத்து, வரிசைப்படுத்திக் கொண்டுபோயிருந்தேன். என்னைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

ஆனால் திரையில் ஏதாவது சிக்கினால் இருவரும் என்னைப் பார்க்கவே இல்லை. "சுபாக்கா, இங்குட்டு வாங்க, இது என்னமோ சொல்லுது!" அவள் வந்து குனிந்து பார்ப்பாள், ஏதோ சொல்லுவாள், மூன்று பேரும் சிரிப்பார்கள். அப்புறம் அவள் நிமிர்ந்து எனக்கு விளக்குவாள். என் மென்பொருளை எனக்கே விளக்குவாள்! மதியம் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, முகம் கழுவிப் புதுப்பொட்டோடு திரும்புவாள். பார்சல் சாம்பார் சாதத்தைக் கிளறியபடி அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் கண்டனூரில் ஒரு வீட்டுக்குப் போய், கைபேசியில் பதிவு நடக்கிறதா என்று பார்த்தோம். நடந்தது. வாடகைக் கார் போக வர எண்ணூறு. வழியெல்லாம் யாராவது கைகாட்டினார்கள். எல்லாம் அவளுக்குத்தான்.

மூன்றாம் நாள், எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்த நேரத்தில், தெய்வானையும் முத்துராமனும் விளையாட்டாக ஆளுக்கொரு பெண் வீட்டார் ஆனார்கள். அவள் அந்தக் கண்டனூர் வீட்டை வெள்ளிக்கிழமைக்குப் பதிந்தாள். அவர் அதே வீட்டை வியாழக்கிழமைக்குப் பதிந்தார். இரண்டையும் மென்பொருள் ஏற்றுக்கொண்டது.

தெய்வானை சிரிப்பை நிறுத்தினாள். "அண்ணே, எங்க ஆளுக வியாழக்கெழம சாயங்காலமே பொட்டி படுக்கையோட வந்துருவாகளே. ஒங்க ஆளுக இன்னும் உள்ள இருப்பாக. எங்க மாப்பிள்ளைய எங்குட்டு இறக்குறது?"

சுபா என் பக்கம் திரும்பினாள். "இது இப்படியே வெளிய போக முடியாதுடி."

போயாக வேண்டும் என்றார் சென்னையிலிருந்து என் மேலாளர். திங்கட்கிழமை வெளியீடு என்று மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது.

மாலையில் முதலாளி வந்தார். உமையாள் ஆச்சி. ஐம்பது வயதுகூட இருக்காது. நகரத்தார் வீட்டுப் பெண்களை இங்கே ஆச்சி என்றுதான் அழைக்கிறார்கள். நேராக விஷயத்துக்கு வந்தார். "திங்கக்கெழம ஆரம்பிக்கலாமா, வேணாமா?"

"வேணாம் ஆச்சி. இது சரியாகாம நான் ஒப்புதல் குடுக்க மாட்டேன்" என்றாள் சுபா.

மூன்று நாளாக நான் காத்திருந்த இடம் இதுதான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"ஆச்சி, இது எங்க பிழை இல்லைங்க. ஒரு பதிவுன்னா காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஒரு நாள்னு போன்ல எங்களுக்குச் சொன்னதே சுபாதான். சொன்னபடிதான் செஞ்சிருக்கோம்."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். வாடும் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமா ஆச்சி, நான்தான் சொன்னேன்" என்றாள் அவள். "மொத நாள் சாயங்காலத்த யோசிக்கல. தப்பு என்னோடதுதான்."

ஆச்சி தலையசைத்தார். "இப்பவாச்சும் தெரிஞ்சுச்சே. ஐப்பசியில ரெண்டு கல்யாணக் கூட்டமும் ஒரே வாசல்ல வந்து நின்னா நான் எங்குட்டுப் போயி ஒளியுறது?" என்னிடம் திரும்பினார். "சரி பண்ண எத்தன நாளாகும்மா?"

அவ்வளவுதான். தெய்வானை காபி கொடுத்தாள். முத்துராமன் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்தார். யாரும் சுபாவை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. அவளுடைய ஊர், ஸ்கூட்டர், மதியச் சாப்பாடு மேல் எனக்கிருந்த பொறாமையெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. 'தப்பு என்னோடது' என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் காபி குடிக்க முடிகிறதே, அதுதான் எரிந்தது.

வெளியே வந்து மேலாளரைக் கூப்பிட்டேன். நான்கு நாள் வேண்டும் என்றேன். சுபாவைப் போலவே சொல்லிப் பார்த்தேன். "நானும் அப்பவே கேட்டிருக்கணும் சார். என் தப்பும் இருக்கு."

"சரி. அதை மெயிலில் எழுதிடாதே" என்றார்.

மறுநாள் விடியலில் சுபாவே ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டாள். "நேத்து நீ சொல்லலேன்னா நானே சொல்லியிருப்பேன். நீ முந்திக்கிட்ட, அவ்வளவுதான்" என்றாள். அவள் பேச்சில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கிக்கொண்டே சென்னை வந்திருப்பேன்.

இந்த மாதிரி வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கோட்டையூரிலேயே அறை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், காலை பஸ் நெரிசல் மிச்சம். சோதனைப் படிகளை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போகாதீர்கள். ஒரு நாளாவது தாளை மூடிவைத்து, பயனர்களை அவர்கள் இஷ்டப்படி விளையாட விடுங்கள். அந்தந்த ஊரில் ஒரு நாள் எப்போது தொடங்குகிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

திருத்திய மென்பொருள் அடுத்த வாரம் ஓட ஆரம்பித்தது. அன்று மதியம் சுபா ஒரு படம் அனுப்பினாள். திரையில் முதல் பதிவு. அதைச் சுற்றி தெய்வானை, முத்துராமன், ஆச்சி, ஓரத்தில் அந்த ஆட்டோக்காரர்கூட. கீழே, 'நீயும் இருந்திருக்கணும்' என்று எழுதியிருந்தாள். வாழ்த்துகள் என்று பதில் போட்டேன். பிறகு படத்தைப் பெரிதாக்கி, நான் நிற்பதாயிருந்தால் எங்கே நின்றிருப்பேன் என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.