பாஞ்சாலியின் வேலியில் இலைப்பேன்

பாஞ்சாலி ஆசைப்பட்டுத் தோட்ட வேலைக்கு வந்தவள் அல்ல. வல்லம் வடகாலில், கார்களுக்கு டிஸ்ப்ளே திரை செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் முதலில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். சோப்புத் தண்ணீர் சேராமல் விரலிடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகிப்போனது. வேலையை விட்டுவிடலாம் என்று இருந்தபோதுதான் கான்ட்ராக்டர், "தோட்டத்துக்கு ஆள் இல்ல, போறியா?" என்று கேட்டார். போனாள். வீட்டில் ஒரு துளசியைக்கூட உருப்படியாக வளர்க்காதவள் கம்பெனித் தோட்டத்தைப் பார்க்கப் போகிறாள் என்று அவள் கணவன் கன்னியப்பன் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

ஆனால் அவள் வைத்ததெல்லாம் பிடித்துக்கொண்டது. கேட்டிலிருந்து அசெம்ப்ளி கட்டடத்து வாசல்வரைக்கும் பைகஸ் செடியை நட்டு, இடுப்பு உயர வேலியாக வளர்த்தாள். கொஞ்சம் துளிர் நீட்டினாலும் கத்தரியை எடுத்துவிடுவாள். நூல் பிடித்து வெட்டிய பெட்டி மாதிரி நிற்கும் அந்த வேலி. இடையிடையே ரோஜா, செம்பருத்தி. மேனேஜர் ஜகந்நாதன் ஒருநாள் போகிற போக்கில், "நல்லா வெச்சிருக்கம்மா" என்று சொன்னது அவளுக்கு வெகுநாள் தாங்கியது.

அவள் தங்கை ஜோதியும் அங்கேதான் வேலை பார்த்தாள். உள்ளே, திரைமேல் கண்ணாடி பொருத்தும் லைனில். டீ நேரத்தில் லைன் பெண்கள் எல்லாரும் வெளியே வந்து வேலியோரக் கட்டைச் சுவரில் உட்காருவார்கள். அந்தக் கோடையில் ஆளாளுக்குக் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தார்கள்.

"இன்னாக்கா, உன் வேலில ஏதோ கடிக்குது" என்றாள் ஜோதி.

"கொசுவா இருக்கும். டீயக் குட்ச்சிட்டுக் கெளம்பு."

அந்தச் சமயத்தில்தான் உள்ளே ஒரு தொந்தரவு தலைதூக்கியது. பொருத்தி முடித்த திரைகளில் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. துடைத்தால் போகாது, திரையையே ஒதுக்கிவைக்க வேண்டியதுதான். ஜோதியின் இடத்திலிருந்து வந்தவற்றில்தான் அதிகம். லைன் சூப்பர்வைசர் சுப்பிரமணி எல்லார் முன்னாலும் கத்தினார். "தொப்பிய ஒழுங்காப் போடறதுக்கு இன்னா? தலையில இருக்கற பொடுகு, அழுக்கெல்லாம் உதிருது." அன்றைக்கே அவளை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஜோதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த பாஞ்சாலி, ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "நீ தொப்பிய ஒழுங்காத்தானே போட்டே?"

ஜோதி திரும்பிப் பார்த்தாள். அதோடு அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

சசிரேகா தரப் பிரிவுக்குப் புதிதாக வந்த இன்ஜினியர். ஒதுக்கிவைத்த திரை ஒன்றைப் பிரித்து, அந்தப் புள்ளியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். பொடுகு இல்லை. காலும் இறக்கையும் உள்ள ஒரு ஜீவன். உடனே போட்டோ எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, இந்தப் பூச்சிய இங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

போனில் அது தேளளவுக்குத் தெரிந்தது. இறக்கையின் விளிம்பெல்லாம் இறகு போல மயிர். "இம்மாம் பெருசு இங்க கெடையாது மேடம்."

"பெருசாக் காட்டியிருக்கேங்க்கா. நிஜத்துல எள்ளளவுகூட இருக்காது."

சசிரேகா ஒரு வெள்ளைத் தாளை ரோஜாவுக்குக் கீழே பிடித்து, பூவை விரலால் தட்டினாள். மஞ்சளாக ஒன்றிரண்டு விழுந்து ஓடின. இலைகளில் வெள்ளி பூசினாற்போல் கீறல்கள், அவற்றின்மேல் பொடிப்பொடியாகக் கறுப்பு எச்சம். "இதும் அந்த ஜாதிதான். ஆனா நான் பாத்தது கறுப்பு" என்று யோசனையாக நின்றாள்.

பாஞ்சாலிக்கு அப்போதே வேலியின் ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்ச காலமாகவே பைகஸ் கொழுந்தெல்லாம் மடித்த வெற்றிலை போலச் சுருண்டு, செம்புள்ளி விழுந்து கிடந்தது. வெயில் என்று நினைத்து யூரியாவும் தண்ணீரும் கூடுதலாக விட்டிருந்தாள். இப்போது இதைக் காட்டினால் வேலி தப்பாது. காட்டாவிட்டாலோ, தங்கை தலையில் விழுந்த பழி அப்படியே நிற்கும். கத்தரியைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தாள். பிறகு எட்டி ஒரு சுருண்ட இலையைக் கிள்ளிச் சசிரேகாவின் முன்னாலேயே விரித்தாள்.

உள்ளே கறுப்பாக ஒரு கூட்டம். கூடவே வெளிறிய குஞ்சுகளும். இரண்டு மூன்று சசிரேகாவின் மணிக்கட்டில் ஏறிச் சுருக்கென்று கடித்தன.

"இதேதான்க்கா. இலைப்பேன். டீ குடிக்க வந்த பொண்ணுங்க காலர்ல ஏறி உள்ள போயிருக்கு."

செய்தி மேலே போனதும் வேலி முழுவதையும் பிடுங்கச் சொல்லி உத்தரவு வந்தது. அன்று பாஞ்சாலி மத்தியானச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சசிரேகா சும்மா இருக்கவில்லை. தோட்டக்கலை படித்த தோழி ஒருத்தியிடம் போனில் கேட்டுக்கொண்டு, ஜகந்நாதனிடம் போய்ப் பேசினாள். வாசலை ஒட்டிய பகுதி போகட்டும், மற்றதை மழைக்காலம்வரை வைத்துப் பார்க்கலாம் என்று அவர் இறங்கிவந்தார்.

வாசலோர வேலியைப் பாஞ்சாலி ஒருத்தியே வெட்டினாள். உதவிக்கு வந்த ஆட்களைக் கிட்டே விடவில்லை. வேர் ஒவ்வொன்றும் மணிக்கட்டுப் பருமன் இருந்தது.

மிச்ச வேலியில் சுருண்ட இலைகளைத் தேடித்தேடிக் கிள்ளி, கீழே சிந்தாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டினாள். சுருளுக்குள் மருந்து போகாது. கடுமையான மருந்தோ, இலைப்பேனைத் தின்னும் பூச்சிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். அதனால் வெயில் தாழ்ந்த பிறகு வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளித்தாள். பூச்செடிகளுக்கு நடுவே, பறந்து வரும் பூச்சி ஒட்டிக்கொள்ளும் நீல அட்டைகளைக் குச்சியில் கட்டிவைத்தாள். எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது யூரியாவையும் கத்தரியையும் நிறுத்தியதுதான்.

"வெட்ட வெட்டத் துளிர் வருது. அந்த இளந்துளிர்தான் அதுக்குப் பிடிக்குமாம்" என்றாள் சசிரேகா.

"அப்போ இத்தினி நாளும் நானே சோறு போட்டு வளத்திருக்கேன்."

"தெரிஞ்சா செஞ்சீங்க?"

பாஞ்சாலி அடுத்த சுருண்ட இலையைக் கிள்ளிப் பைக்குள் போட்டாள்.

டீ குடிக்கும் இடத்தைக் கட்டடத்தின் மறுபக்கத்துக்கு மாற்றினார்கள். புள்ளி விழுவது குறைந்துகொண்டே வந்து, எப்போதாவது ஒன்று என்றானது. சுப்பிரமணி மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. பேக்கிங் பக்கம் வந்து, "நாளைலேருந்து லைனுக்கு வந்துடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஜோதி மறுநாள் போகவில்லை, லீவு போட்டாள். அதற்கு மறுநாள் போனாள்.

அன்று பஸ்ஸில் பாஞ்சாலி முன்சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஜோதி தானே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி ஒரகடம் பாலத்தைத் தாண்டியது.

"அன்னிக்கு உன்ன அப்டிக் கேட்டிருக்கக் கூடாதுடி" என்றாள் பாஞ்சாலி.

"ஆமா, கேட்டிருக்கக் கூடாது." ஜோதியின் குரலில் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. சற்றுப் பொறுத்து அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வேர் வெட்டியதில் கொப்புளித்த உள்ளங்கை, சோப்புக் கரைசல் பட்டுப் பட்டு ஆறாமல் தோல் உரிந்து கிடந்தது.

"இன்னாக்கா இது? மருந்து போடலியா?"

"ஆறிடும்."

"ஆறும், ஆறும். வூட்டுக்கு வா, போட்டு வுடறேன்" என்றாள் ஜோதி. கையை அவள் விடவில்லை.