உப்பு இறங்கியபோது

அந்தப் பங்குனியில் உளுந்து பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. காய் வெடித்துச் சிதறுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று என் கணவரே வயலில் இறங்கினார். திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்களுக்கு நிலம் கொஞ்சம்தான். ஆனாலும் வெயில் ஏறியும் கரையேற மாட்டார். தாகம் எடுக்கும்போதெல்லாம் கேன் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டே இருந்தார். வெயிலுக்குத் தண்ணீர் நல்லதுதானே என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, அவர் வயலிலிருந்து முன்னதாகவே திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை வலிக்கிறது என்றார். பிறகு வாந்தி எடுத்தார். முதுகைத் தடவிக் கொடுத்தேன். என்னை நிமிர்ந்து பார்த்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

“உக்காருங்க. வீட்டுல இப்ப வந்துடுவாங்க.”

‘வீட்டுல’ என்று அவர் சொன்னது என்னைத்தான். எதிரில் நிற்பது நான்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வீட்டிலிருந்த கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். அவருடைய காரில் தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை பக்கவாதம் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். ரத்தத்தில் உப்பு ரொம்ப இறங்கியிருக்கிறது என்றார். வியர்வையில் போனது பாதி. ரத்த அழுத்தத்துக்கு இவர் தினமும் போடும் மாத்திரை சிறுநீரில் தள்ளியது மீதி. அதற்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்ததில் ரத்தம் நீர்த்துப்போய், அந்தத் தண்ணீர் மூளையின் செல்களுக்குள் இறங்கிவிட்டது.

நான் பிளஸ் ஒன்னுக்கு உயிரியல் எடுக்கிறவள். கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நின்று செல்லுக்குச் சவ்வாகின்றன, நடுவில் புரதங்கள் வழிவிடுகின்றன, உப்பு அதிகமிருக்கும் பக்கம் தண்ணீர் போகிறது என்று பலகையில் அம்புக்குறி போட்டு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். உலர்ந்த திராட்சையை ஊறப்போட்டு, அது உப்புவதைக் காட்டுவேன். திராட்சைக்கு உப்ப இடம் இருந்தது. மண்டையோட்டுக்குள் மூளைக்கு அந்த இடம் கிடையாது. அது தெரியாமல் இருந்திருந்தால் கொஞ்சம் கம்மியாகப் பயந்திருப்பேன்.

உடனே உப்பை ஏற்றிவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.

“வேகமா ஏத்தக் கூடாதும்மா,” என்றார் டாக்டர். “செல்லுலேர்ந்து தண்ணி சட்டுனு வெளிய வந்தா, மூளை வேற மாதிரி பாழாயிடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் இவருக்கு வலிப்பு வந்தது. என்னை வெளியே அனுப்பினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஜெபமாலை சொல்லப் பார்த்தேன். ‘அருள் நிறைந்த மரியே’க்கு மேல் வாய் போகவில்லை. வலிப்பு நின்ற பிறகும் உப்பு நீர் சொட்டு சொட்டாகத்தான் இறங்கியது. மெதுவாகப் போனால் பயம். கொஞ்சம் வேகமாகச் சொட்டுவதுபோல் தெரிந்தால் அதைவிடப் பயம். நர்ஸை அடிக்கடி கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுநாள் காலையில் கண் திறந்தார். என்னையே சிறிது நேரம் பார்த்தார்.

“ஏன் இப்படி முழிச்சிக்கிட்டு நிக்கிற? போய் ஒரு டீ குடி.”

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். மிச்சமிருந்த உளுந்தைக் கொழுந்தனார் எடுத்துப் போட்டார். பாதி வெடித்து மண்ணோடு போயிருந்தது. இப்போது இவர் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் மத்தியானத்தில் கொஞ்சம் அதிகமாகத் தூங்கிவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. தோளைத் தொட்டு எழுப்பி, நான் யார் என்று கேட்பேன். எரிச்சலோடு என் பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.