ஜானகி மேடமும் பேரையூர்க் கோழிகளும்

செய்தி வந்தபோது நான் கோழிக்கொட்டகைக்குள் இருந்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தின் தனிக்கொட்டகை அது. உள்ளே கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. நுழையும்போது உடை மாற்ற வேண்டும், வெளியே வரும்போது குளிக்க வேண்டும். தலையைத் துவட்டிக்கொண்டே கைப்பேசியை எடுத்தால், டாக்டர் ஜானகியின் தம்பி ரமேஷின் எண்ணிலிருந்து பதினோரு அழைப்புகள். காலைக் கணக்கெடுப்பில் நான் ஏதோ கோட்டைவிட்டிருப்பேன், மேடம்தான் தம்பி போனிலிருந்து கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "இந்தம்மா நிம்மதியா குளிக்க விடாது" என்று முணுமுணுத்தபடி திருப்பிக் கூப்பிட்டேன்.

"அக்கா போயிட்டாங்க சார். காபி போட எந்திரிச்சவங்க அடுப்படியிலயே சரிஞ்சுட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றார் ரமேஷ்.

ஈரத் துண்டோடு நான் எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. அப்படி முணுமுணுத்ததற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவருடன் வேலை பார்த்தவர்கள் நீங்கள். அவர் நினைவு மலருக்கு நான்கு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது நல்ல வார்த்தைகள் அல்ல, நான் செய்த ஒரு தப்பும் அதற்கு அவர் நடந்துகொண்ட விதமும்தான். இத்தனை நாள் அதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

மேடம் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். கே.கே. நகரில் அவர் வீட்டுச் சமையலறைக்குள் முட்டை நுழைந்ததே கிடையாது. அப்படிப்பட்டவர் இருபது வருஷத்தைக் கோழிக்குக் கொடுத்தார். "நீங்க திங்கவும் மாட்டீங்க, வளக்கவும் மாட்டீங்க. கோழிக்கும் உங்களுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?" என்று சீண்டுவேன். "திங்கிறவங்க கோழியப் பத்திக் கவலைப்படுற மாதிரி தெரியலையே பாண்டி சார்" என்பார். அவர் தாவர விஞ்ஞானி, நான் கால்நடை மருத்துவர். எனக்கு அவரைவிட ஒரு வயது கூட. அந்த ஒரு வயதை வைத்துக்கொண்டு நான் அவரிடம் நிறைய வாய் பேசியிருக்கிறேன்.

எங்கள் வேலை என்னவென்று, இதைப் படிக்கப்போகும் அவர் குடும்பத்தாருக்காகச் சொல்லிவிடுகிறேன். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஒரு வாரத்தில் தெருவில் ஒரு கோழி மிஞ்சாது. அதற்குச் சொட்டு மருந்து இருக்கிறது, ஊசி இருக்கிறது. ஆனால் இரண்டும் கடைசிவரை குளிர்ச்சியில் இருக்க வேண்டும். பேரையூர்ப் பக்கத்து வெயிலில், பஸ் போகாத ஊரில், பத்துக் கோழி வைத்திருக்கும் ஒருத்தி ஐஸுக்கு எங்கே போவாள்? அந்த வைரஸின் மேலுறையில் உள்ள ஒரு புரதத்தை மட்டும் குதிரைமசால் என்ற தீவனச் செடியின் இலையில் விளையவைத்தார் மேடம். இலையைக் காயவைத்துத் தீவனத்தில் கலந்து கொடுக்கலாம், ஐஸ் வேண்டாம். முழு வைரஸ் இல்லாததால், அதைத் தின்பதால் கோழிக்கு நோய் வந்துவிடாது. ஆனால் எதிரியின் முகம் அதன் உடம்புக்குப் பழகிவிடும். பழகுகிறதா இல்லையா என்று நிரூபிப்பதுதான் பாக்கி. அதில்தான் என் தப்பு வருகிறது.

சோதனைக்கு, தடுப்பு மருந்தே படாத நாட்டுக்கோழிகள் வேண்டும். பேரையூருக்குப் பக்கத்தில் பேச்சியம்மாள் என்று ஒரு பெண். முந்தைய கோடையில் கழிச்சலில் ஒரு குஞ்சுகூட மிஞ்சாமல் பறிகொடுத்தவர். எங்களுக்காக ஒரே சமயத்தில் மூன்று கோழிகளை அடைவைத்துக் குஞ்சு வளர்த்துத் தந்தார். முதல் தடவை போனபோது மேடமே கேட்டார், மருந்து எதுவும் கொடுத்ததில்லை என்று பேச்சியம்மாள் சொன்னார். அது உண்மை. கோழிகளை எடுத்துவரும் நாளில் அதே கேள்வியை மறுபடியும் கேட்க வேண்டும் என்று மேடம் படிவத்தில் தனியாக ஒரு வரி வைத்திருந்தார். அன்றைக்குப் போனவன் நான். வெயில் மண்டையைப் பிளந்தது. ரத்த மாதிரி எடுத்தேன், பதினெட்டுக் கோழிகளையும் கூண்டில் ஏற்றினேன், ஒரு சொம்பு மோர் குடித்தேன், வண்டியில் உட்கார்ந்தபடி அந்த வரிக்கு நேராக ஒரு டிக் போட்டேன். கேட்கவில்லை.

ஒன்பது கோழிகளுக்கு இலை கலந்த தீவனம், ஒன்பதுக்கு வெறும் தீவனம். மூன்றரை வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இலை தின்ற ஒன்பதிலும் எதிர்ப்புச் சக்தி எக்கச்சக்கம். நான் துள்ளிக் குதித்தேன். மேடம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "எனக்குச் சந்தோசப்படத் தெரியாதுன்னு இல்ல பாண்டி சார். இலை திங்காத கோழியப் பாத்துட்டுச் சந்தோசப்படுவோம்" என்றார். அடுத்த தாளைப் புரட்டினார். அந்த ஒன்பதிலும் அதே அளவு சக்தி இருந்தது. அவர் முகம் வெளுத்துப்போனதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

தீவனத்தைக் கலந்தவன் நான். "பாத்திரம் மாறிப்போச்சா?" என்று கேட்டார். "என்னைச் சந்தேகப்படுறீங்களா?" என்று கத்தினேன். "உங்களையும் படுறேன், என்னையும் படுறேன்" என்றார். இரண்டு நாள் நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கொட்டகைப் பதிவுகளை எல்லாம் துருவிவிட்டு மூன்றாம் நாள், "பேரையூருக்குப் போறேன். வாரீங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்த டிக் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பேச்சியம்மாள் எங்களைப் பார்த்ததும் சந்தோஷமாக ஓடி வந்தார். மேடம் பதமாகத்தான் கேட்டார்.

"மருந்தா? கொடுத்தேனே டாக்டரம்மா!" என்றார் பேச்சியம்மாள் பெருமையாக. "நீங்க கூட்டிட்டுப் போறதுக்கு மொத நா, பேரையூரு மாட்டாஸ்பத்திரியில கேட்டு வாங்கி, ஐஸைப் போட்டு பிளாஸ்க்குல வச்சுக் கொண்டாந்தேன். பதினெட்டுக்கும் நானே கண்ணுல சொட்டு விட்டேன். எம்புட்டோ பேரு இருக்க, என்னை நம்பிக் கேட்டீங்க. எங் கையில வாங்கிட்டுப் போனது அங்க போயி சீக்குல விழுந்துச்சுன்னா எனக்கு அசிங்கமில்ல?"

"எங்ககிட்டச் சொல்லலையேம்மா?"

"அன்னிக்கு இந்த அண்ணே ஒண்ணுமே கேக்கலையே. மோரக் குடிச்சாரு, கிளம்பிட்டாரு."

முதல் நாள் விட்ட சொட்டு மறுநாள் எடுத்த ரத்தத்தில் தெரியாது. தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பேச்சியம்மாள் பக்கம் திரும்பி, "நீங்க செஞ்சது ரொம்பச் சரிம்மா. எல்லாரும் இப்படித்தான் கொடுக்கணும்" என்றார். அந்தப் பெண்ணுக்கு எங்கள் சோதனை பாழானது இன்றுவரை தெரியாது. தெரிவிக்கக் கூடாது என்று மேடம் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது திருமங்கலம் தாண்டும்வரை அவர் தம்பியோடு போனில் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டு வந்தார். எனக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல் தெரியாது. நடுவில் என் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு வண்டி ஓட்டினேன். வரவில்லை. போனை வைத்ததும் நானே ஆரம்பித்தேன்.

"மேடம், அடுத்த வாரம் திட்டத்துக்குப் பணம் தர்ற குழுவுக்கு அறிக்கை கொடுக்கணும். இலை தின்ன ஒம்போதை மட்டும் காட்டுவோம். இன்னொரு ஒம்போதைப் பத்திக் கேட்டா, பரிசோதனை இன்னும் முடியலன்னு சொல்லிருவோம். இல்லன்னா திட்டத்தையே மூடிருவாங்க."

"மூடட்டும்."

"இருபது வருஷம், மேடம்!"

"எனக்குத் தெரியாதா சார்?" என்றார். அவர் என்னைப் பெயரில்லாமல் வெறும் சார் என்று அழைத்தது அன்று ஒருமுறைதான். "நாளைக்கு இந்த இலைய நம்பி ஒருத்தி சொட்டு மருந்து கொடுக்காம விட்டுட்டா? இலை வேலை செய்யலன்னா அவ கோழி அம்புட்டும் போயிரும். பேச்சியம்மாவே பிளாஸ்க்கத் தூக்கிப் பரண்ல போட்டுருவாங்க. அத யாரு பாக்குறது?"

அறிக்கையில் அவர் இப்படி எழுதினார்: 'கோழிகளை எடுத்துவந்த நாளில் மருந்து பற்றி மறுபடியும் விசாரிக்கப்படவில்லை. விசாரித்ததாகப் படிவத்தில் குறிக்கப்பட்டுள்ளது தவறு. இந்தச் சோதனையிலிருந்து எதையும் முடிவு செய்ய இயலாது.' கீழே தன் கையெழுத்தைப் போட்டார். என் பெயர் எங்கும் இல்லை. குழு திட்டத்தை நிறுத்தி வைத்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அவர் தாளும் கையுமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். ஒருநாளும் என்னிடம் குத்திக்காட்டியதில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

கடைசியில் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். இந்த முறை முட்டையாக வாங்கி, எங்கள் இன்குபேட்டரிலேயே பொரிக்கவைத்தோம். ஒன்பதுக்கு இலை, ஒன்பதுக்கு வெறும் தீவனம். ரத்தப் பரிசோதனை ஒழுங்காக வந்தது. பிறகு எல்லாக் கோழிக்கும் உண்மையான வைரஸைக் கொடுத்தோம். இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் எண்ண வேண்டும். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்பது குழுவின் நிபந்தனை. கொட்டகைக்குள் போக அனுமதி பெற்றவர்கள் மேடமும் நானும் மட்டும். நான்காம் நாள் வெறும் தீவனக் கோழிகள் கழுத்தைத் தொங்கப்போட ஆரம்பித்தன. அன்று வெளியே வந்ததும் மேடம், "இந்த ஒம்போதும் நம்மளால சாகுது பாண்டி சார். இதையாவது ஒழுங்கா எழுதணும்" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். மறுநாள் காலை ரமேஷின் போன் வந்தது.

மூன்று மணிக்கு உடலை எடுத்துவிடுவார்கள் என்றார்கள். நான்கு மணிக் கணக்கெடுப்புக்கு நான் ஒருவன்தான் மிச்சம். போனால் ஒரு வேளை தவறும். போகாமல் இருந்தால் மேடமே என்னைத் திட்டமாட்டார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை. மாட்டுத்தாவணியில் மாலை வாங்கிக்கொண்டு கே.கே. நகருக்குப் போனேன். தத்தனேரி சுடுகாடு வரை கூடவே போனேன். குளித்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தபோது மணி ஆறரை. இலை தின்ற ஒன்பதும் நின்றுகொண்டிருந்தன, காலையில் நின்ற மாதிரியே. அவற்றின் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

அலுவலக நண்பர் கண்ணன் வெளியே காத்திருந்தார். "நாலு மணிக் கட்டத்துல ஒம்போதுன்னு போட்டுரு மாப்ள. காலைல நின்னுச்சு, இப்பவும் நிக்கிது. நடுவுல செத்துப் பொழச்சா வந்துருக்கும்? அந்தம்மாவுக்காகவாவது போடு" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒன்பது என்று எழுதியிருந்தால் அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் நான் பார்க்கவில்லை. நான்கு மணிக் கட்டத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'பொறுப்பு விஞ்ஞானியின் இறுதிச் சடங்குக்குச் சென்றிருந்தேன்' என்று எழுதி, இந்த முறை என் கையெழுத்தைப் போட்டேன்.

இரண்டு வாரம் முடிந்தது. வெறும் தீவனக் கோழிகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. இலை தின்றவற்றில் ஒன்று கடைசி நாட்களில் விழுந்தது, மற்றவை இன்றும் கொட்டகையில் கொத்திக்கொண்டு திரிகின்றன. குழு அடுத்த மாதம் கூடுகிறது. விட்டுப்போன அந்த ஒரு வேளையைக் காட்டி அவர்கள் மொத்தத்தையும் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளினால் மறுபடியும் முட்டை வாங்குவேன், மறுபடியும் பொரிக்கவைப்பேன், மறுபடியும் எண்ணுவேன். மேடம் எனக்கென்று விட்டுப்போனது அந்தப் பிடிவாதத்தைத்தான். அதை நான் விடுவதாக இல்லை.