மச்சினன் சுட்ட எட்டுக் கிளைக் கொம்பு

கேலன் ரைட்ஸுக்கு அந்த டிசம்பரில் எழுபத்து மூன்று வயது. மர அறுவை ஆலையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்சில்வேனியா மலையில் எங்கள் சாலையின் கடைசி வீடு அவருடையது. அதற்கு முந்தையது என்னுடையது. இடது முழங்கால் மடங்காது. ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கல் துப்பாக்கி வேட்டை தொடங்கினால் மனிதர் வீட்டில் நிற்க மாட்டார். குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணியில் சுற்றிய ஈய உருண்டையைத் தண்டால் இடித்து இறக்கி, விசையை அழுத்தினால் கல் உரசித் தீப்பொறி பறந்து வெடிக்கிற பழைய மாதிரி அது. ஒரே ஒரு சூடு. தப்பினால் மறுபடி நிரப்புவதற்குள் மான் அடுத்த மலைக்குப் போயிருக்கும். முப்பத்தொரு வருடத்தில் அவர் அடித்தது ஒன்பது மான். அந்தக் கணக்கை அவர் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், லாமர் வரும்வரை.

லாமர் அவர் மனைவி ஓர்பாவின் தம்பி. பிட்ஸ்பர்க்கில் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவன். இருதய ஆபரேஷன் முடிந்து, அறுபத்தெட்டு வயதில் ஊருக்கே திரும்பி எங்கள் மலை ஓடைக்கு அந்தப் பக்கம் வீடு வாங்கினான். வந்த வருடமே வரிவரியாக மின்னும் மேப்பிள் கட்டையில் கைவேலைத் துப்பாக்கி ஒன்று செய்யச் சொல்லி வாங்கினான். முதல் வேட்டைப் பருவத்தின் மூன்றாவது நாள் ஆறு கிளைக் கொம்பு மான் ஒன்றை வீழ்த்தினான்.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்றார் கேலன்.

"குருட்டு அதிர்ஷ்டம்னா அப்பப்ப உங்களுக்கும் வரணுமே?" என்றாள் ஓர்பா.

அவளுக்குத் தம்பி மேல் உயிர். அவன் கதை சொன்னால் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். அதே கதையைக் கேலன் சொன்னால், "இதை முன்னாடியே சொல்லியாச்சு" என்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் பை சுட்டால் முதல் துண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் போகும்.

அடுத்த ஆகஸ்டில் கேலன் பழைய ஆப்பிள் தோப்பில் ஒரு பெரிய ஆண் மானைப் பார்த்தார். எட்டுக் கிளை. நான்கு மாதம் அதன் தடத்தைப் பின்தொடர்ந்தார். எங்கே படுக்கிறது, எந்தப் பக்கம் ஓடையைத் தாண்டுகிறது என்று எல்லாம் தெரிந்துகொண்டார். ஓர்பாவிடம் மட்டும் சொன்னார். நவம்பரில் ஒரு நாள் லாமர் காபி குடித்துக்கொண்டே, "அத்தான், அந்த எட்டுக் கிளைக்காரன் இன்னும் தோப்புக்கு வர்றானா?" என்றான்.

கேலன் மனைவியைப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேன். என் தம்பிதானே, யாரோ அந்நியனா?" என்றாள் அவள்.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி விடியும்போதே பனி விழுந்துகொண்டிருந்தது. ஓடைக்கு மேலே ஒரு பாறைத் திட்டில் கேலன் உட்கார்ந்திருந்தார். எட்டு மணி சுமாருக்கு மான் வந்தது. முப்பது அடி தூரம். பக்கவாட்டில் நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை இழுத்தார். கல் உரசியது, பொறி பறந்தது, துப்பாக்கிக் கிண்ணியிலிருந்த கருமருந்து ஈரத்தில் 'புஸ்' என்று புகைந்து அடங்கியது. மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஓடவில்லை. அவரை ஒரு பொருட்டாக மதிக்காததுபோல நடந்து ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் போனது.

ஐந்து நிமிடம் இருக்காது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வெடிச் சத்தம் கேட்டது. யாருடைய துப்பாக்கி என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் குண்டு பட்டது லாமருக்கே தெரியவில்லை. புகை கலைந்தபோது மான் இல்லை. பனியில் ரத்தம் இல்லை. அறுபது அடிவரை தேடினான். மேட்டில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் தப்பிவிட்டது என்று முடிவு செய்து வீட்டுக்குப் போனான்.

மதியம் கேலன் ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஹெம்லாக் மரக்கூட்டத்தின் ஓரத்தில் பொட்டு அளவுக்கு ஒரு சிவப்பு தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி மேலே ஏறினார். தாழ்ந்த கிளைக்கு அடியில் மான் விறைத்துக் கிடந்தது. கொம்பின் மேல் பனி படிந்திருந்தது.

அதன்பின் நடந்ததை அவர் என்னிடம் சொன்னது அடுத்த கோடையில், என் கொட்டகையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது.

"சட்டைப் பையிலேருந்து சீட்டை எடுத்தேன்" என்றார். "பேரு, தேதி, நேரம், எல்லாம் பேனாவால எழுதினேன். காதுல கட்டினேன்."

சுட்டவர் தன் மானில் கட்ட வேண்டிய அனுமதிச் சீட்டு அது; ஒரு பருவத்தில் ஒருவருக்கு ஒரே ஒரு ஆண் மான் சீட்டுதான். எழுதினால் எழுதியதுதான்.

"பிறகு?"

"புரட்டிப் போட்டேன். குண்டு எங்க பட்டிருக்குன்னு பாத்தேன். முன்னங்காலுக்குப் பின்னால, கச்சிதமா. அவன் நின்ன இடத்துலேருந்து மான் நின்ன இடம் எண்பது தப்படி இருக்கும். நடக்கிற மான். பனி கொட்டுது. எனக்கு அந்தச் சூடு வராது. வாலிபத்துலயும் வந்திருக்காது. எல்லாரும் கேப்பாங்கள்ல, எங்கேருந்து சுட்டீங்க, எப்படிச் சுட்டீங்கன்னு. நான் பொய் சொன்னாலும் அந்தப் பயலோட சூட்டைத்தான் வாய் வலிக்கப் புகழணும். அது என்னால முடியல."

சீட்டை அவிழ்த்துக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். அவருடைய பருவம் அங்கேயே முடிந்தது. மலையிறங்கி லாமர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உன் மான் மேல கிடக்கு. சீட்டை எடுத்துட்டு வா."

லாமர் அவரைக் கட்டிப்பிடித்து அழுதான். அவன் சீட்டு எழுதிக் கட்டினான். அவனால் இழுக்க முடியாது. ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுத்தபடி, அந்த மானை அரை மைல் பனியில் இழுத்து வந்தவர் கேலன்தான். லாமர் பின்னாலேயே துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு, "மெதுவா அத்தான், கொம்பு மரத்துல இடிக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

புத்தாண்டு மதியம் ஓர்பா வழக்கம்போலப் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும் சமைத்திருந்தாள். என்னையும் அழைத்திருந்தார்கள். லாமர் எழுந்து நின்று கண்ணாடிக் குவளையைத் தூக்கினான்.

"வேற யாராவதா இருந்தா தன் சீட்டைக் கட்டிட்டுப் போயிருப்பான். எங்க அத்தான் தங்கம்!"

ஓர்பா கணவரைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை. கேலன் முட்கரண்டியைக் கீழே வைத்தார்.

"கட்டினேன்" என்றார்.

"என்னது?"

"என் சீட்டைத்தான் முதல்ல கட்டினேன். அப்புறம் கிழிச்சேன்."

ஓர்பாவின் முகம் சிவந்தது. "அப்ப சீட்டு நனைஞ்சு போச்சுன்னு என்கிட்ட சொன்னது?"

லாமர் மெல்ல உட்கார்ந்தான்.

"எவ்வளவு நேரம் கட்டியிருந்தீங்க அத்தான்?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"பத்து நிமிஷம்தானா? நானா இருந்தா வீட்டுக்குக் கொண்டுவந்து தோலை உரிச்சுத் தொங்க விட்டிருப்பேன்!"

என்று சொல்லி மேஜை அதிரச் சிரித்தான். ஓர்பாவும் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டாள். கேலன் மட்டும் சிரிக்கவில்லை. மன்னிப்பதுகூட அவனுக்கு இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அப்போது வயிறு எரிந்ததாக விறகு அடுக்கும்போது சொன்னார்.

மார்ச்சில் லாமர் அந்தக் கொம்பைப் பலகையில் பொருத்திச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தான். "இது உங்க வீட்டுலதான் இருக்கணும்" என்றான். கேலன் அதை விறகுக் கொட்டகையில் வைத்தார். ஓர்பா எடுத்து வந்து நடுக்கூடத்தில் மாட்டினாள். மறுபடி கொட்டகைக்குப் போனது, மறுபடி வந்தது. கடைசியில் அவள்தான் ஜெயித்தாள்; கொம்பு நடுக்கூடத்து ஆணியிலேயே தங்கியது.

வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள், "கேலன், நீங்க அடிச்சதா?"

"இல்ல. மச்சினன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. போன கோடையில்தான், தபால்காரர் கேட்டபோது, "மச்சினன். நல்ல சூடு" என்றார். உள்ளே ஓர்பா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். கேலன் தொப்பியை எடுத்துக்கொண்டு, தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று வெளியே போய்விட்டார். அன்று மழை பெய்துகொண்டிருந்தது.