ஃபஸ்லான் பதிந்த ‘ஒராள்’

“பதிஞ்சாச்சு!” என்று மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஃபஸ்லான் சுற்றிவர எல்லோரையும் பார்ப்பார். நிக்காஹ் பதிந்த கையோடு நிமிரும் லெப்பையின் முகத்தில்கூட அத்தனை பெருமிதம் இராது.

பாலாவியில் ஒரு நிவாரணச் சங்கத்தின் கணினிக்கு அவர்தான் பொறுப்பு. தரவுத்தளத்துக்குத் தெரியாத வேலையைத் தானே ஃபங்ஷன் என்கிற சிறு நிரலாக எழுதி, பெயர் சூட்டி, உள்ளே பதிந்துவிடுவார். பிறகு தகவல் கேட்கிற எவரும் அந்தப் பெயரைச் சொல்லி வேலை வாங்கலாம். எல்லாப் பெயரும் ‘ஃபஸ்லான்’ என்றே தொடங்கும். “டேட்டாபேஸுக்கு இனி நம்மட மூள!”

“சோதிச்சுப் பாத்தீங்களா நானா?” என்பாள் பக்கத்து மேசை ஷிஹாரா.

“பதியிறதுதான் புள்ள கஷ்டம். சோதிக்கிறத ஆரும் செய்வான்.”

அந்த ‘ஆரும்’ இன்னும் வேலைக்குச் சேரவில்லை.

புயலுக்குப் பிறகு கூரைத் தகரம் கொடுத்தபோது, ஒருவரே இருமுறை வாங்கிவிடாதிருக்கப் பதிந்ததுதான் ‘ஃபஸ்லான்_ஒராள்’. ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாய் எழுதிய பெயர்களில் உயிரெழுத்துகளை உதிர்த்து, ககரத்தையும் ஹகரத்தையும் ஒன்றாக்கி, இரண்டு பெயரும் ஒரே ஆளா என்று அது தீர்ப்புச் சொல்லும். “கள்ளப் பேரெல்லாம் கழண்டுட்டு!” என்று கூட்டத்தில் முழங்கினார். கைதட்டினார்கள்.

கழன்றவர்களில் ஒருத்தி ஹைருன்னிஸா. தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து பாலாவியில் குடியிருப்பவள். கூரையில் தறப்பாளைக் கட்டிவிட்டு வந்து, தன் தகரம் எங்கே என்று கேட்டாள்.

“ஒங்களுக்கு எத்தாளையில குடுத்தாச்சு ராத்தா,” என்றார் ஃபஸ்லான், திரையில் இருந்த ஊரைப் படித்து.

“எத்தாளையில எனக்கு ஆரு இரிக்கா?”

“நீங்கதான் இரிக்கீங்க.”

மறுநாள் அவள் எத்தாளைக்குப் போய், தகரம் வாங்கிய கைருன்னிஸாவையே தேடிப் பிடித்துக் கூட்டிவந்தாள். ஒருத்தி பனைபோல நெடுப்பம். மற்றவள் அவள் தோளுக்கும் எட்டவில்லை.

“இப்ப சொல்லுங்க தம்பி, நாங்க ஒராளா, ரெண்டு பேரா?”

ஷிஹாரா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். உடனே களஞ்சியத்துக்கு ஃபோன் பண்ணி, விடுபட்டவளுக்குத் தகரம் ஒதுக்கச் சொன்னாள். ஃபஸ்லானோ திரையை நிமிர்ந்து பார்த்து, ஃபங்ஷனை இன்னொருமுறை ஓட்டினார். விடை மாறவில்லை. அவருக்கு மனசு நொந்துபோயிற்று. ஏற்கெனவே ஒருத்தி வைத்திருக்கிற பெயரை வைத்துக்கொண்டு ஊர்விட்டு ஊர் வருவானேன்?

ஆனாலும் மரியாதை தெரிந்த மனிதர். “இரிங்க ராத்தா, இரிங்க,” என்று எழுந்து, இரண்டு பெண்களுக்கும் முன்னால் உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.