மிளகாய் நெடி

டெக்சஸ் வெயிலில் ஐஸ் ஹாக்கி என்றால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொண்ணூறுகளில் எங்கள் ஊர் ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனிகள் முளைத்துக்கொண்டே இருந்தன. கனடாவிலிருந்து என்ஜினீயர்கள் வந்து இறங்கினார்கள், கூடவே அவர்கள் பிள்ளைகளின் ஹாக்கி மட்டைகளும். ஊர்ப் பெயரில் ஒரு ஜூனியர் அணி உண்டானது. அதில் இருந்த ஒரே பெண் என் மகள், பதின்மூன்று வயது. பரதநாட்டியத்துக்குப் போடி என்றேன். கேட்டால்தானே!

அன்று சனிக்கிழமை, அரையிறுதி. ஒரு தடியன் இடித்ததில் அவள் மல்லாந்து விழுந்தாள். ஹெல்மெட் ஐஸில் மோதிய சத்தம் மேல்வரிசை வரை கேட்டது. அவளோ எழுந்து, கையை ஆட்டிவிட்டு, ஜெயிக்கிற கோலையும் போட்டாள். அரங்கமே எழுந்து நின்று கத்தியது. அத்தனை கண்ணும் அவள் மேல்தான்.

ஹாக்கிப் பை காரில் ஏறியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலை இறக்குகிற முதல் ஆள் எப்போதும் அவள்தான். வியர்வையில் ஊறிய அந்தக் கையுறைகள் அப்படி நாறும். அன்று கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். நானும் என் கணவரும்தான் ஜன்னலை இறக்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்து அவளுக்குச் சுற்றிப்போட்டேன். மிளகாயை வாணலியில் கருக்கினேன். நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றோ வீடு முழுக்கப் புகை. ஸ்மோக் அலாரம் அலறியது, மூன்று பேருக்கும் இருமல்.

"இவ்ளோ நெடி அடிக்குது, கண்ணாவது ஒண்ணாவது!" என்று சிரித்தார் என் கணவர்.

"உனக்கு நெடி வருதாடி?" என்று மகளிடம் கேட்டேன்.

"தொண்டை எரியுது. பட் ஐ கான்ட் ஸ்மெல் எனிதிங், மா."

போச்சுடா, கண் நன்றாகத்தான் பட்டிருக்கிறது என்று இன்னும் நாலு மிளகாய் எடுக்கப் போனேன். கார் ஜன்னல் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அந்தக் கையுறையைக் கொண்டுவந்து அவள் மூக்கில் வைத்து அழுத்தினேன். அவள் முகம் சுளிக்கவே இல்லை.

"நாளைக்கு ஃபைனல். ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும், பேசாம இரு" என்றார் அவர்.

"கோச்சுகிட்ட சொல்லாத மா, ப்ளீஸ். டீம்லேர்ந்து எடுத்துடுவார்" என்று அவள் அழுதாள்.

"ஃபைனலும் ஆச்சு, மண்ணாங்கட்டியும் ஆச்சு! ஏறுடி கார்ல!"

எமர்ஜென்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. மறுநாள் இன்னொரு இடி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் ஆரம்பித்தார். போதும் சாமி என்று கைகூப்பிவிட்டேன். கசிவு ஆறிவிட்டது. வாசனை தெரிவது மட்டும் திரும்பவே இல்லை.

இப்போது அவள் வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். கேஸ் அடுப்பு. ஃபோனில் சாப்பிட்டாயா என்று நான் கேட்பதில்லை.

"அடுப்ப அணைச்சியாடி?"

"அணைச்சேன் மா."

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

ஃபோனைக் கட் பண்ணாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போவாள். அவள் திரும்பி வந்து பேசும்வரை எனக்கு மூச்சு வராது.