‘வந்தால்’ என்பதன் ஆங்கிலம்

ஒருவர் சொன்னதை இறந்தகாலத்துக்கு மாற்றி எடுத்துச் சொல்லும் ‘ரிப்போர்ட்டட் ஸ்பீச்’ என்ற ஆங்கில இலக்கணத்தைப் படித்து முடித்த வாரம், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ஒருவராலும் என்னோடு நிம்மதியாகக் கதைக்க முடியவில்லை. யார் எது சொன்னாலும் உடனே ‘வில்’லை ‘வுட்’ ஆக்கி, ‘கம்ஸ்’ஸைக் ‘கேம்’ ஆக்கி, ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது நான் எட்டாம் வகுப்பு. அந்த விதியைக் கண்டுபிடித்ததே நான்தான் என்பது போல ஒரு நடப்பு.

அந்தச் சனிக்கிழமை காலை கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா வந்தார். கப்பலில் வேலை செய்த அவருடைய மகன் நடுக்கடலில் காணாமல் போயிருந்தார். தேடியும் கிடைக்கவில்லை. மகனுடைய பெட்டி மட்டும் திரும்பி வந்து கம்பனி அலுவலகத்தில் கிடந்தது. மகன் இறந்துவிட்டார் என்று தாய் கையெழுத்து வைத்தால் தருவார்களாம். திங்கட்கிழமைக்குள் வைக்காவிட்டால் பெட்டியை அகற்றிவிடுவார்களாம்.

என் சித்தி கோட்டையில் வேறொரு கப்பல் அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்த்தார். நல்ல ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தருவார் என்று யாரோ சொல்லித்தான் அந்த அம்மா வந்திருந்தார்.

“என் மகன் வந்தா பெட்டி எங்கன்னு கேப்பான், மிஸ். அத மட்டும் எழுதுங்க. கையெழுத்து நான் வைக்கமாட்டேன்.”

சித்தி இரண்டு பக்கம் கையால் எழுதினார். இந்தத் தாய் என்னிடம் இப்படிச் சொன்னார் என்று தொடங்கும் கடிதம். எழுதி முடித்ததும் தேத்தண்ணி போட உள்ளே போனார். நான் எட்டிப் பார்த்தேன். ‘சொன்னார்’ என்று இறந்தகாலத்தில் தொடங்கிவிட்டு, ‘இஃப் ஹெர் சன் கம்ஸ், ஹி வில் ஆஸ்க்’ என்று எழுதியிருந்தார்! சித்திக்கு அவமானம் வரக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில், பேனையை எடுத்து ‘கேம்’ என்றும் ‘வுட்’ என்றும் திருத்திவிட்டேன்.

சித்தி திரும்பி வந்து பார்த்தார். ஏசவில்லை.

“விதி சரிதான், பிள்ளை. ஆனால் இப்பிடி எழுதினால், மகன் வாறது சந்தேகம் எண்டும் வாசிக்கலாம்.”

“எனக்குச் சந்தேகம் இல்ல, மிஸ்,” என்றார் அந்த அம்மா.

சித்தி புதுத்தாள் எடுத்து இரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து எழுதினார். தேத்தண்ணி ஆறிப்போனது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை சித்தி அரைநாள் லீவு போட்டு, அந்த அம்மாவைக் கம்பனிக்குத் தானே கூட்டிப்போனார். மனேஜர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாராம். பிறகு, கையெழுத்துக் கேட்காமலே பெட்டியைக் கொடுத்துவிட்டார்களாம்.

நான் மட்டும் மனம் மாறவில்லை. கம்பனிக்காரருக்கும் கிராமர் தெரியாது என்று முடிவுகட்டினேன். தவணைப் பரீட்சையில் அதே மாதிரி வாக்கியம் வந்தது. ‘கேம்’, ‘வுட்’ எழுதி முழுப் புள்ளியும் வாங்கினேன்.

போன வருடம்தான் சித்தியிடம் கேட்டேன், அந்த மகன் வருவார் என்று நம்பினீர்களா என்று.

“இல்லை,” என்றார் சித்தி. “கப்பல் அலுவலகத்தில வேலை செய்தனான், நடுக்கடலில காணாமல் போனால் என்ன எண்டு எனக்குத் தெரியாதா?”

நம்பாத ஒருவர், நம்புகிற ஒருவருக்காக, தன் சந்தேகம் ஒரு துளிகூடக் கடிதத்தில் விழாமல் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். நானோ அதில் பிழை பிடித்தேன்.